எச்சில் சோதனை

மதியம் இரண்டு எட்டுக்கு ஓவனுக்குள் வைத்தேன், மாலை ஆறு எட்டுக்கு எடுக்க வேண்டும், நான்கு மணி நேரம், முப்பத்தேழு டிகிரி. குழந்தையின் வாய்க்குள் இருக்கும் சூடு அதுதான் என்று சாய லேபில் பயிற்சியின் முதல் வாரத்தில் பிரவீணா சொன்னபோது நான் சிரித்தேன். என் பையன் ஆல்வினுக்கு அப்போது பல் முளைக்கவில்லை. இப்போது கீழே இரண்டு, மேலே ஒன்று பாதி, கிடைப்பதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகிறான், சாவி, சீப்பு, என் தாலிச் சங்கிலி, நேற்று இது. இது என்றால் ஓவனுக்குள் இருக்கிற மயில்கழுத்துத் துணி, அதன் இன்னொரு துண்டு. உப்புகள் கலந்த தண்ணீர் ஒரு பாட்டிலில் இருக்கிறது, அதற்குச் செயற்கை எச்சில் என்று பெயர், அதில் துணியை நனைத்து, இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவே வைத்து, தகடுகளுக்கு இடையில் எடை ஏற்றி இறுக்கி மூடினால் ஒரு குழந்தை நான்கு மணி நேரம் சப்பியதற்குச் சமம். வெள்ளையில் எவ்வளவு நிறம் இறங்கியிருக்கிறதென்று பார்த்து ஐந்துக்கு மார்க் போட வேண்டும். ஐந்து என்றால் சுத்தம். நாலுக்குக் கீழே போனால் குழந்தைத் துணிக்கு ஆகாது. நேற்று அவன் எவ்வளவு நேரம் சப்பினான்? நான் அடுப்படியில் இருந்தேன். குக்கர் மூன்று விசில். மூன்று விசிலுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இல்லை, அதற்கு முன்பே பையைத் திறந்திருப்பான், நான்தானே பையைத் தரையில் வைத்தேன், நான்தானே வெட்டுத்துண்டை டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் செருகி வீட்டுக்கு எடுத்துப்போனேன், டைட்டஸுக்குக் காட்ட, பார் நான் போட்ட கலர், துணி வாங்குகிற பையர் ஒரே தடவையில் ஓகே சொன்ன கலர். தலையணையில் எச்சில் வழிந்த இடம் லேசான பச்சை. லேசானதுதான். நான் அதைப் பார்த்துவிட்டுத் தலையணை உறையைத் திருப்பிப்போட்டேன், குழந்தையின் நாக்கைத் துடைத்ததற்கு முன்பாகவே, அதுதான் இப்போது திரும்பத் திரும்ப வருகிறது, முதலில் உறையைத் திருப்பினேன், பிறகுதான் நாக்கு.

ஓவனின் சிவப்பு எண்கள் முப்பத்தாறு எட்டு, முப்பத்தேழு, முப்பத்தேழு ஒன்று என்று ஆடிக்கொண்டிருக்கின்றன. போன மாதம் இப்படித்தான் எண்களைத் தெர்மாமீட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன், அவை ஏறியபடியே இருந்தன. அந்த நாளைத்தான் நான் நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், வைத்தாலும் அது வருகிறது. காலையிலிருந்து ஆறு தடவை சாயம் போட்டும் ஷேடு வரவில்லை. ஏழாவதைப் போட்டுக்கொண்டிருந்தபோது பகலில் ஆல்வினைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு லலிதாக்கா போன். குழந்தைக்குக் காய்ச்சல், நூற்றொன்று, குடித்ததையெல்லாம் கக்குகிறான், நீ வர்றயா இல்ல நானே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா. துணி சாயத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. இனிமேல் அலச வேண்டும், சோப்பு போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும் பத்து நிமிடம், தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பத்து நிமிடம். இரண்டு சோப்பிங். நான் ஒன்று போட்டேன். ஒன்றுதான் போட்டேன். பிழிந்து அயர்ன் பண்ணி, ஆறவைத்து, விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் பையர் அனுப்பிய மாதிரியும் என் துண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பகல் வெளிச்சத்தில் சரி, கடை வெளிச்சத்தில் சரி. பிரவீணா கைதட்டினாள். "ஏய், டர்க்காய்ஸ் நீலத்தைப் போட்டு ஏழே தடவைல எடுத்துட்டியா? நான் எல்லாம் பதினாலு தடவை அழுதிருக்கேன் தெரியுமா?" நான் பையைத் தோளில் மாட்டியபடியே அட்டையில் ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன், ஓடினேன். ரெசிபி தாளில் சோப்பிங் என்ற கட்டத்தில் இரண்டு என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. நான்தான் எழுதினேன், காலையிலேயே, எல்லாக் கட்டங்களையும் காலையிலேயே நிரப்பி வைத்துவிடுவோம், லேபில் எல்லோரும் அப்படித்தான், செய்துவிட்டு எழுத யாருக்கு நேரம். அப்படியானால் அது பொய் இல்லை. எழுதும்போது பொய் இல்லை. மத்தியானம் பொய்யாக மாறிவிட்டது, நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது.

கான்வென்ட்டில் சிஸ்டர் ரோஸ்லின் நாக்கை நீட்டச் சொல்வார்கள். பேனா முனையைச் சப்பும் பழக்கம் எனக்கு, நாக்கு நீலமாக இருக்கும். பொய் சொன்னால் கர்த்தர் நாக்கில் அடையாளம் வைப்பார் என்று சொல்லிவிட்டு, வரிசையாக எல்லோரையும் நீட்டச் சொல்லும்போது, நான் பொய் எதுவும் சொல்லாத நாட்களிலும் நீல நாக்கோடு நின்று அழுதிருக்கிறேன். மை, சிஸ்டர், மை. யார் நம்பினார்கள். நேற்று டவல் நுனியை வெந்நீரில் நனைத்து ஆல்வினின் நாக்கைத் துடைத்தபோது அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான், டவலையும் கடித்தான். நாக்கு சிவப்பாகத்தான் இருந்தது. அல்லது துடைத்த பிறகு சிவப்பாக ஆனது. டைட்டஸ் பம்ப் கம்பெனி வேலை முடிந்து கோயம்புத்தூரிலிருந்து எட்டரைக்கு வந்தார், கலர் எங்கே காட்டு என்றார், லேபிலேயே வைத்துவிட்டேன் என்றேன். இன்னொரு பொய். "பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரிய வாங்கிட்டு வந்து துணி துவைக்கிறா என் பொண்டாட்டி" என்று கிண்டல் பண்ணினார். துவைக்கிறவள்தான். துவைக்காதவள்.

போன் பண்ணினேன், மூன்றரைக்கு, வராந்தாவில் நின்று. "அக்கா, பையன் எப்படி இருக்கான்?" "நல்லாத்தான் இருக்கான் கண்ணு, ரெண்டு இட்லி தின்னுபோட்டு எங்க வீட்டுக்காரரு செருப்பத் தின்னப் போயிட்டான்." "அக்கா, நாக்கைக் கொஞ்சம் பாருங்க." "நாக்கா?" "வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பாருங்கக்கா, என்ன கலர்ல இருக்கு?" அந்தப் பக்கம் ஆல்வினின் கத்தல், பிறகு லலிதாக்கா. "நாக்கு நாக்கு கலர்லதான் இருக்குது. ஏஞ்சாமி, வேலைல எல்லாத்தையும் கலர் பாத்துப் பாத்து உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா?" சிரித்தேன். சிரிக்க வேண்டியிருந்தது. "வெளிக்கிப் போனானாக்கா? அது என்ன கலரு?" "அடி இவளே! அதையும் டப்பால போட்டுக் குடுத்து உடட்டுமா, டெஸ்ட் பண்ணிக்கறயா?" நல்லாத்தான் இருக்கான். நல்லாத்தான் இருக்கான் என்றால் இன்றைக்கு நல்லாத்தான் இருக்கான். அந்தச் சாயத்தில் செம்பு இருக்கிறது, டர்க்காய்ஸில் எப்போதும் உண்டு, கட்டுண்டு கிடக்கிற செம்பு, அதனால் ஒன்றும் ஆகாது என்று சாயத்தோடு வந்த தாளில் போட்டிருக்கிறது, அந்தத் தாளை இன்று நாலு தடவை படித்துவிட்டேன். விழுங்கினால் என்ற வரியில் மருத்துவரை அணுகவும் என்று மட்டும் இருக்கிறது. எல்லாச் சாயத்துக்கும் அதே வரிதான். மஞ்சளுக்கும் அதே வரிதான் போட்டிருக்கிறார்கள், பார்த்தேன். மருத்துவரை அணுகி என்ன சொல்வது? என் பையன் கலரைக் குடித்துவிட்டான். எப்படிம்மா குடிச்சான்? நான் ஒரு தடவைதான் சோப்பு போட்டேன் டாக்டர்.

சாயம் தேர்ந்தெடுப்பதைப் பிரவீணாதான் சொல்லிக்கொடுத்தாள், என்னைவிட ஒரு வயது சின்னவள், லேபுக்கு இன்சார்ஜ். "மூணு பேரை ஒரே ரூம்ல விடறோம்னு வச்சுக்க. மூணு பேரும் ஒரே நேரத்துல எந்திரிக்கணும், ஒரே வேகத்துல நடக்கணும், இல்லேன்னா சண்டை. இந்த மஞ்சளும் இந்த நேவி ப்ளூவும் அறுபது டிகிரில சமர்த்தா ஏறிடுவாங்க. டர்க்காய்ஸ் இருக்கானே, மாப்பிள்ளை முறுக்கு, எண்பது கேப்பான், மெதுவாத்தான் வருவான், வந்தாலும் பாதிப் பேரு உள்ள போகாம வாசல்லயே நிப்பாங்க." அப்புறம் ஏன் அவனை எடுக்க வேண்டும் என்று கேட்டேன். "அந்தப் பளபளப்பு வேற எவன்கிட்டயும் இல்லையே." அது உண்மை. வேறு மூன்று நீலங்களை வைத்துப் பார்த்தேன், எல்லாம் செத்த பச்சை. டர்க்காய்ஸ் இரண்டு புள்ளி நாலு சதவீதம், மஞ்சள் புள்ளி ஏழு, நேவி ஒரு சொட்டு, துணிக்கு உயிர் வந்துவிட்டது. பிள்ளை பெற்ற பிறகு எனக்கு ஒன்றுமே சரியாக வரவில்லை, பால் சரியாக வரவில்லை, தூக்கம் வரவில்லை, தோசைகூட, சிரிக்காதே, தோசைகூட வட்டமாக வரவில்லை. இந்த நிறம் வந்தது. அதுவும் என் கையால் வரவில்லை, வாசலில் நின்றவர்களால் வந்தது. உப்பு சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளும், சோடா கட்டிப்போடும், கட்டுப்படாதது சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும், அதைச் சோப்பு போட்டுக் கொதிக்கவைத்து வெளியேற்றிவிட வேண்டும், மிச்சம் நிற்பதுதான் உண்மையான ஷேடு. நான் காட்டியது வெளியேற வேண்டியவர்களையும் சேர்த்து. பையர் கையெழுத்துப் போட்டது அதற்கு. கீழே மெஷினில் அறுநூறு கிலோ துணி காலையிலிருந்து வெளுத்து வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதற்கு என் ரெசிபி, பிறந்த குழந்தையிலிருந்து பதினெட்டு மாதம் வரைக்கும் போடுகிற உடுப்பு, கழுத்துப் பக்கம் இரண்டு பட்டன், அந்தக் கழுத்தைத்தான் அவர்கள் சப்புவார்கள், ஆல்வின் சப்புகிற மாதிரி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு.

சரி, ஆறு எட்டு வரைக்கும் பொறு. மூன்றரை மார்க் வந்தாலும் போதும், மூன்றரை வந்தால் பிரவீணாவிடம் காட்டலாம், கொஞ்சம் விடுகிறது, இன்னொரு சோப்பிங் சேர்த்துக்கொள்ளலாமா என்று சாதாரணமாகக் கேட்கலாம், ஏதோ இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி. நாலரை வந்தால் ஒன்றுமே சொல்ல வேண்டாம். அப்படி வரவும் வரலாம். ஒரு சோப்பிங்கிலேயே எல்லாம் இறங்கியிருக்கலாம், தண்ணீர் அன்றைக்கு நல்ல கொதியில் இருந்தது, குமிழ் நன்றாக வந்தது, நினைவிருக்கிறது. தலையணை? அது வேறு ஏதாவது. பசலைக்கீரை. திங்கட்கிழமை பசலைக்கீரை மசித்துக் கொடுத்தேன். திங்கட்கிழமைக் கீரை புதன்கிழமை தலையணையில் வருமா, வராது, வாயை மூடு. வெள்ளிக்கிழமையோடு பயிற்சிக் காலம் முடிகிறது, நிரந்தரம் ஆகும் என்று பிரவீணா சொல்லியிருக்கிறாள். நாலு மணிக்கு டீ வந்தது. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே ஓவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிரவீணா தோளில் தட்டினாள். "அதென்ன, முட்டை பொரியறதுக்கா காத்திருக்க?" "எச்சில் டெஸ்ட்." "யாரு கேட்டா? அது வெளி லேபுக்குத்தானே போகும், கீழ பல்க் சாயம் ஏத்தி முடிஞ்சப்புறம்." "சும்மா. கத்துக்கலாம்னு." "நல்ல புள்ள" என்றாள். கான்வென்ட்டில் எனக்கு ஒழுக்கத்துக்கு வருடா வருடம் பரிசு. வருடா வருடம் ஒரே படம், ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிய இயேசு, வீட்டில் ஒன்பது ஆடு சேர்ந்துவிட்டது. நல்ல புள்ள. அவள் போனபோதே சொல்லியிருக்கலாம், கதவு வரைக்கும் போகிற ஏழெட்டு அடி நேரம் இருந்தது, பிரவீணா என்று கூப்பிட்டால் போதும், கூப்பிடவும் செய்தேன். "பிரவீணா." "ம்?" "சக்கரை கம்மியா இருக்கு." "என் வாழ்க்கைலயும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏன் நான்கு மணி நேரச் சோதனையை வைத்தேன். இதை நான் கேட்டுக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன், மதியத்திலிருந்து. இதைவிடச் சுலபமானது ஒன்று இருக்கிறது, லேபில் கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும், துணியில் ஒரு விரல்கடை வெட்டி, கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் தண்ணீரே சொல்லிவிடும். பத்து நிமிடம். நான் நாலு மணி நேரத்தை எடுத்தேன், நாலு மணி நேரத்துக்கு யாரும் என்னைக் கேட்க முடியாது, சோதனை போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம், எனக்கே சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் கீழே சாயம் ஏறிவிடும். ஏறிய பிறகு ஆறு எட்டுக்கு நான் கதவைத் திறந்து பார்ப்பேன், ஐயோ என்பேன், ஐயோ மட்டும்தான் மிச்சம் இருக்கும். அதைத்தான் விரும்பினேனா? இல்லை. ஆமாம். லேபின் போன் அடித்தது, நான்தான் பக்கத்தில் இருந்தேன், கீழிருந்து சூப்பர்வைசர் சென்னியப்பன். "அம்மிணி, உங்க மயில்கழுத்துக்குக் கலர் கரைச்சாச்சுங். சூடு வந்துட்டு இருக்குது, அஞ்சரைக்கு ஏத்திப்போடறோம். பிரவீணா இருந்தாச் சொல்லிப்போடுங்." "சரிங்கண்ணா" என்றேன். என் வாய் சொன்னது, சரிங்கண்ணா, எவ்வளவு மரியாதையான வாய். மணி ஐந்து இரண்டு.

ஃபைலில் வைத்திருக்கும் பிரதி அட்டையிலிருந்து விரல்கடை அளவு வெட்டினேன். கோணலாக வெட்டுப்பட்டது. பீக்கரில் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, ஹீட்டரின்மேல். கொதிக்க ஏன் இவ்வளவு நேரம். எல்லாச் சாயமும் கொஞ்சம் விடும், இது தெரிந்த விஷயம், மிகச் சரியாகத் துவைத்ததும் கொஞ்சம் விடும், லேசாக நிறம் தெரிந்தால் அதற்குப் பதற வேண்டியதில்லை, எவ்வளவு லேசு என்பதுதான். தலையணை எவ்வளவு லேசு? கொதி வந்தது, துண்டைப் போட்டேன், கண்ணாடிக் கம்பியால் ஒரு சுற்று. முதல் நிமிடம் ஒன்றுமில்லை. பார், ஒன்றுமில்லை. துணியின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஒன்று கிளம்பியது, அது நூல்தான், பிசிறு, இல்லை அது நீலம், நீளமாக வளைந்து மேலே வந்து கலைந்தது, இன்னொன்று, பிறகு எண்ண முடியவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் பீக்கருக்குப் பின்னால் இருந்த சுவர் தெரியவில்லை. அழகாக இருந்தது, இதை யாரிடம் சொல்வது, கடல் மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது, என் பையனின் வயிற்றுக்குள் போனது. பத்து நிமிடம் முழுதும் நின்றேன். துண்டை எடுத்துப் பிழிந்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் ஈரத்திலேயே தெரிகிறது, ஈரத்தில் எதுவும் அடர்த்தியாகத்தான் தெரியும், அப்படியும் வெளுத்திருக்கிறது, பளபளப்பு போய் மஞ்சள் எட்டிப்பார்க்கிறது. இதுதான் என்னுடைய ஷேடு.

பீக்கரைத் துணியால் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். கீழே ஆவி, சோடா வாசனை, காற்றடிக்கும் பிளோயரின் சத்தத்தில் என் செருப்புச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. ஓடிவிடலாம், கேட் அந்தப் பக்கம். வேலை போய்விடும், டைட்டஸ் பேசாமல் வீட்டில் இரு என்பார், அன்பாகத்தான் சொல்வார், அதுதான் தாங்காது. மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் பக்கத்தில் கலர் டேங்க், உள்ளே என் இரண்டு புள்ளி நாலு சதவீதம் கருநீலமாகச் சுழன்றுகொண்டிருந்தது, அடர்த்தியில் அது மயிலும் இல்லை கழுத்தும் இல்லை, தார். சென்னியப்பன் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னுங் அம்மிணி, டீயா?" என்றார் பீக்கரைப் பார்த்து. "அண்ணா, கலர் ஏத்தாதீங்க." "எதுக்குங்? ஷேடு மாத்தச் சொல்லிட்டாங்களா?" "இல்லை. ரெண்டு சோப்பிங்னு நான் எழுதியிருக்கேன். ஒண்ணுதான் போட்டேன்." சத்தத்தில் கேட்கவில்லை, காதுப் பக்கம் கையை வைத்தார். நான் கத்த வேண்டியிருந்தது, இரண்டாவது தடவை கத்திச் சொன்னேன், ஒண்ணுதான் போட்டேன். அவர் பீக்கரை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. "இதுக்கா இப்படி ஓடி வந்தீங்?" என்றார். "பையர் ஓகே பண்ணுன ஷேடு வேணும், அவ்வளவுதானுங்களே? இங்கயும் ஒரு சோப்பிங்கக் கம்மி பண்ணிப்போட்டா ஷேடு அச்சா வந்து உக்காந்துக்கும். நாங்க பாக்காததுங்களா. தண்ணியும் மிச்சம்." "அப்ப வெளி லேப்ல எச்சில் டெஸ்ட்?" "அதுக்குத் துண்டு வெட்டிக் குடுக்கறது நாமதானுங், நல்லா நாலு தடவை அலசிக் குடுத்துப்போட்டாப் போகுது." பீக்கரிலிருந்ததைச் சாக்கடையில் கவிழ்த்தார். தரையில் கொஞ்ச தூரம் நீலமாக ஓடிப் போய்விட்டது. போய்விட்டது, பாருங்கள், இப்போது ஒன்றுமே இல்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது, வெள்ளிக்கிழமை நிரந்தரம், எனக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாக உட்காரக்கூடச் செய்தது, அதை நான் உணர்ந்தேன். அவர் கையைத் தூக்கி அந்தப் பக்கம் நின்ற ஆபரேட்டருக்கு ஜாடை காட்டினார், பம்ப் உறுமியது, அவர் டேங்கின் அடியிலிருந்த வால்வைத் திறக்கக் குனிந்தார், அதற்குள் என் கை அதன்மேல் இருந்தது. எப்போது வைத்தேனென்று தெரியவில்லை. "அம்மிணி, கையை எடுங்." "குழந்தைங்க வாயில வைக்கும் அண்ணா." "எல்லாக் கொழந்தையும் எல்லாத்தையும் வெக்கும். எடுங்." "என் பையன் வச்சான்." "எதை?" "இதை. நேத்து." அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையை. "அதை ஒட்டி நீராவி லைனு போகுதுங் கண்ணு, வால்வே பழுத்துக் கெடக்குது. சுடலையா?" "சுடுதுங்க" என்றேன். எடுக்கவில்லை. அவர் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமலேயே, ஆபரேட்டரைப் பார்த்துக் கத்தினார். "பம்ப்ப நிறுத்துப்பா. மேல போயி பிரவீணாவை வரச் சொல்லு." பம்ப் நின்றது. அப்போதும் நான் எடுக்கவில்லை. "நிறுத்தியாச்சுங், எடுங்" என்று அவர் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.